ஏழை என்பதற்கு என்ன அத்தாட்சி?

சென்ற மாதம் ஒரு காலைப்பொழுதில் எனது வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு ஒரு மூதாட்டியும் அவரது பேத்தியும் வந்தனர். மூதாட்டி எங்கள் ஊரவர். அறுபதுகளில் கணவனோடு கிளிநொச்சிக்குக் குடியேறச் சென்றவர். பேத்தி க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் தேறிப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருப்பவள். அவளது கையில் பிளாஸ்ரிக் உறையொன்றில் உதவிப்பண விண்ணப்பப் படிவம் ஒன்று இருந்தது. ஐம்பது ஆண்டுகளாக எழுத்தோடு வாழ்ந்தவன் என்பதால் படிவம் நிரப்புவதற்கு என்னைத் தேடி வருபவர்கள் இன்றும் உண்டு.

பெயர், முகவரி, சுட்டெண் எல்லாம் அவளே அழகாக நிரப்பியிருந்தாள். ஓரிடத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது. தந்தை உயிருடன் உள்ளாரா, காலமாகிவிட்டாரா என்று கேட்டு இரண்டு சிறிய பெட்டிகள் இருந்தன.

"ஐயா, இதில எதுக்குச் சரி போடுறது?" என்று கேட்டாள்.

2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவளுக்கு மூன்று வயது. முள்ளிவாய்க்காலில் தந்தையைக் கடைசியாகக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதன் பின்னர் கண்டவர்கள் எவரும் இல்லை.

அவளுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் பேசுவோம் என்றேன். அந்தப் படிவத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான், படிக்க விரும்பும் பிள்ளைக்கு உதவி செய்பவர்கள் காலந்தோறும் என்னென்ன கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் எழுந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளின் வரலாறு.

பெயரை விலையாகக் கொடுத்தவர்கள்

யாழ்ப்பாணத்தில் உயர்கல்விக்கான உதவித்தொகையின் கதையை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், வட்டுக்கோட்டையிலிருந்து என்றே நான் சொல்வேன். 1816 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார், 1823 இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை நிறுவினார்கள். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். மாணவர்கள் விடுதியிலேயே தங்கிப் படித்தனர். உணவு, உடை, படிப்பு எல்லாவற்றையும் மிஷன் பொறுப்பேற்றது.

அதற்கான பணம் அமெரிக்காவில் இருந்து வந்தது. அங்குள்ள ஒரு கிறிஸ்தவக் குடும்பமோ தேவாலய சபையோ, யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பதிலாக, அப்பிள்ளைக்கு அந்த உபகாரி விரும்பிய பெயர் சூட்டப்படும். தம் பெயரையோ, தம் போதகரின் பெயரையோ, இறந்துபோன உறவினர் ஒருவரின் பெயரையோ உபகாரிகள் அனுப்பிவைத்தார்கள். கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று நமது கல்வி வரலாற்றில் காணும் விசித்திரமான இரட்டைப் பெயர்களின் பின்னணி இதுதான். கடல்கடந்து ஒருபோதும் வந்திராத ஓர் அமெரிக்கரின் பெயர், வலிகாமத்துப் பையன் ஒருவனின் பெயரின் முன்னால் வந்து அமர்ந்துகொண்டது.

அந்தச் செமினரி 1855 இல் மூடப்பட்டது. ஆயினும் அதன் பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857 இல் முதன்முதலாக நடத்திய பி.ஏ. பரீட்சையில் தேறிய இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துத் தமிழுலகின் நன்றிக்குரியவரான சி. வை. தாமோதரம்பிள்ளை. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையின் பெயர் யாழ். இந்துக் கல்லூரியின் தொடக்க வரலாற்றோடு இணைந்திருப்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. உபகாரி எதிர்பார்த்தது ஒன்று, பிள்ளை எடுத்துக்கொண்டது இன்னொன்று.

உதவி கேட்டு வந்த பிள்ளையிடம் அக்காலம் கேட்ட கேள்வி, "யாருடைய பெயரைச் சுமப்பாய்?" என்பதாகும்.

புள்ளிகள் மட்டுமே போதும்

அடுத்த கட்டத்தில் அரசாங்கம் வருகிறது. அன்றைய பிரித்தானிய ஆட்சியில் அப்போது இலங்கையில் பல்கலைக்கழகம் இருக்கவில்லை. கெட்டிக்கார மாணவர் ஓரிருவரைத் தெரிந்து இங்கிலாந்துக்கு அனுப்புவதற்கு அரசாங்கப் புலமைப்பரிசில் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 1870 இல் அதை வென்றவர் பொன்னம்பலம் அருணாசலம். கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரியில் படித்த அவர், 1875 இல் போட்டிப் பரீட்சையின் மூலம் இலங்கைச் சிவில் சேவைக்குள் நுழைந்த முதலாவது இலங்கையர் ஆனார்.

இந்தப் புலமைப்பரிசில் யாருடைய பெயரையும் சுமக்கச் சொல்லவில்லை. மதத்தைக் கேட்கவில்லை. எத்தனை புள்ளிகள் என்ற ஒன்றை மட்டுமே கேட்டது. பார்வைக்கு இதைவிட நியாயமான கேள்வி வேறு இல்லை. ஆனால் பரீட்சை ஆங்கிலத்தில் நடந்தது. அந்தத் தரத்துக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பாடசாலைகள் கட்டணம் அறவிட்டன. எனவே பரீட்சை மண்டபத்தின் வாசலுக்கு வந்து சேர்வதற்கே வீட்டில் பணம் இருக்கவேண்டும். அருணாசலத்தின் திறமையில் எவருக்கும் ஐயமில்லை. அவர் செல்வாக்குள்ள குடும்பத்தில் பிறந்தவர் என்பதும், சட்டசபை உறுப்பினராக இருந்த சேர் முத்துக்குமாரசுவாமி அவரது தாய்மாமன் என்பதும் உண்மையே.

இந்த வேறுபாட்டை மற்ற எவரையும்விட அருணாசலமே நன்கு உணர்ந்திருந்தார் என்று கருதுகிறேன். பிற்காலத்தில் எல்லோருக்கும் கல்வி வேண்டும் என்றும், இலங்கைக்கெனத் தனியான பல்கலைக்கழகம் வேண்டும் என்றும் அயராது வாதாடியவர் அவர். 1906 இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தின் முன்னணியில் அவர் நின்றார். 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டதும், 1942 இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாக வளர்ந்ததும் அந்த முயற்சியின் தொடர்ச்சியே.

கேள்வியே கேட்காத காலம்

இந்த வரலாற்றில் ஒரே ஒரு முறைதான் கேள்வி இல்லாமல் கதவு திறந்தது. அந்தக் கதவைத் திறந்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா.

அம்பலாங்கொடைக்கு அருகில் ரந்தொம்பை என்ற கிராமத்தில் 1884 இல் பிறந்தவர் அவர். காலி றிச்மண்ட் கல்லூரியில் அவர் படித்தது புலமைப்பரிசிலின் உதவியால். அது கிடைக்காமல் போயிருந்தால் தன் வாழ்க்கை எவ்வாறு அமைந்திருக்கும் என்பதை அவர் மறந்துவிடவில்லை. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்த அவரது தலைமையில் அமைந்த விசேட குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. 1945 ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாம் திகதி தொடக்கம், பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது.

இதில் நம்மவர் பலர் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. தமிழிலும் சிங்களத்திலும் கற்பித்த கிராமப் பாடசாலைகளில் அதற்கு முன்னரும் கட்டணம் இருக்கவில்லை. கட்டணம் இருந்தது ஆங்கிலப் பாடசாலைகளில். உத்தியோகத்துக்கும் உயர்கல்விக்கும் வழி அவற்றினூடாகவே சென்றது. கன்னங்கரா அகற்றியது அந்த வழியில் நின்ற கடவைக் காவலைத்தான். கூடவே நாட்டுப்புறங்களில் மத்திய கல்லூரிகளை நிறுவி, ஐந்தாம் வகுப்பில் பரீட்சை வைத்துத் தெரிந்தெடுத்த பிள்ளைகளுக்கு விடுதியும் உணவும் கொடுக்க வழிசெய்தார்.

நீ யார், உன் தகப்பன் என்ன செய்கிறார், வருமானம் எவ்வளவு என்று அந்தத் திட்டம் கட்டணத்தின் பொருட்டு எவரையும் கேட்கவில்லை. முதலியாரின் மகனுக்கும் கூலித் தொழிலாளியின் மகனுக்கும் அரசாங்கப் பாடசாலையில் ஒரே வாங்கு. இலவசம் என்பது ஏழைக்கு இடும் தர்மமாக இல்லாமல் எல்லோருக்கும் உரிய உரிமையாக இருந்தபடியால் அதைப் பெறுவதில் வெட்கம் இருக்கவில்லை. அதன் பெருமை அங்கேதான் இருக்கிறது.

ஆயினும் இந்தப் பொற்காலத்துக்கும் வெளியே நின்றவர்கள் இருந்தார்கள். மலையகத் தோட்டங்களில் தொழிலாளரின் பிள்ளைகள் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்த சிறு பாடசாலைகளுடனேயே விடப்பட்டனர். அப்பாடசாலைகளை அரசாங்கம் முழுமையாகப் பொறுப்பேற்கும் பணி எழுபதுகளில்தான் நடந்தது. கேள்வி கேட்காத திட்டமும், கேட்காமலேயே சிலரை விலக்கிவைத்தது.

இன்னொரு குறையும் இருந்தது. படிப்புக்குக் கட்டணம் இல்லை என்றாலும், படிக்கும் நாட்களில் வயிற்றுக்கு வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு வெளியூரிலிருந்து செல்லும் மாணவனுக்கு விடுதிச் செலவு, சாப்பாடு, ரயில் கட்டணம், புத்தகம், உடுப்பு என்று பட்டியல் நீளும். அதற்காகத் தேவையுள்ள மாணவர்களுக்கு 'பேசரி' என்ற உதவிப்பணம் வழங்கப்பட்டது. தேவை உண்டா இல்லையா என்று அறிவதற்காக வருமானம் என்ற கேள்வி அந்த இடத்தில் மெல்ல உள்ளே நுழைந்தது. அதை நானும் எதிர்கொண்டேன்.

ஐயாவின் கணக்கு

1968 ஆம் ஆண்டு எனக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது. எங்கள் வீட்டிலிருந்து அங்கு போகும் முதல் ஆள் நான். எனது தகப்பனாரை நாங்கள் ஐயா என்றே அழைப்போம். அவருக்குப் பத்துப் பரப்புத் தோட்டக்காணி, அதில் புகையிலை. இரண்டு மாடுகள், வளவில் சில பனைகள். புகையிலை வெட்டி விற்கும் வரை உரத்துக்கும் கூலிக்கும் கடன், விற்றதும் கடன் அடைப்பு என்பதுதான் எங்கள் வருடச் சக்கரம்.

உதவிப்பண விண்ணப்பத்தில் பெற்றாரின் வருட வருமானத்தைக் கிராம சேவகர் உறுதிப்படுத்த வேண்டும். விதானைப் பதவி 1963 இல் ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் என்ற பெயர் வந்துவிட்டபோதிலும், ஊரவர்கள் அவரை விதானையார் என்றே அழைத்தனர். அவர் நல்ல மனிதர். ஐயாவைக் கண்டதும் கதிரை கொடுத்து இருத்திவிட்டுச் சொன்னார்.

"அண்ணை, ஆயிரத்து இருநூறு எண்டு போடுவம். அப்பதான் பெடியனுக்குக் காசு கிடைக்கும். எல்லாரும் அப்பிடித்தான் போடினம்."

ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "தம்பி, வருமானம் எண்டா என்ன? வாறதுதானே?" என்று கேட்டார். விதானையார் ஓம் என்று தலையசைத்தார்.

ஐயா விரல் மடித்துக் கணக்குச் சொல்லத் தொடங்கினார். புகையிலை விற்ற காசு முழுவதும். மாட்டுப்பால் விற்ற காசு. பனையோலை விற்றது. ஒடியல் விற்றது. உரக்கடைக்குக் கொடுத்ததையோ, தண்ணி இறைத்தவர்களின் கூலியையோ, வட்டியையோ அவர் கழிக்கவில்லை. "போனது வேற கணக்கு. அதை ஆரும் கேக்கேல்லையே" என்றார். மூவாயிரத்து அறுநூறு என்று எழுதுவித்துக் கையொப்பம் இட்டார். கையெழுத்தை விட அந்த இலக்கம் அவருக்குப் பெரிதாக இருந்தது என்று இன்று தோன்றுகிறது. மகனைக் கம்பஸுக்கு அனுப்பும் ஒரு மனிதன் அரசாங்கக் கடதாசியில் தன்னை ஏழை என்று எழுதிக் கொடுக்க மறுத்துவிட்டான்.

உதவிப்பணம் கிடைக்கவில்லை. அம்மாவின் இரண்டு காப்புகளும் அடைவுக்குப் போயின. ஐயா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு போகப் புகையிலையும் அந்தக் காப்புகளை மீட்பதற்கே போயின. எனது அறையில் இருந்த ஒருவனின் வீட்டார் பட்டினத்தில் கடை வைத்திருந்தனர். அவனுக்கு உதவிப்பணம் கிடைத்தது. கடைக்காரரின் வருமானம் கடைக்காரருக்கு மட்டுமே தெரியும்.

இரண்டாம் வருட விடுமுறையில் ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில் அச்சுப்பிழை திருத்தும் வேலைக்குச் சேர்ந்தேன். நாளொன்றுக்குக் கிடைத்த சில ரூபாய்கள் என் சாப்பாட்டுச் செலவுக்கு உதவின. அந்த வேலையே பின்னர் எனது வாழ்க்கையாயிற்று. ஐயா உண்மைக் கணக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் பத்திரிகையாளனாகியிருப்பேனோ தெரியாது. அதற்காக அவரது செய்கை சரி என்றோ, விதானையார் சொன்னது சரி என்றோ தீர்ப்புக் கூற நான் வரவில்லை. ஒரு படிவம் ஒரு நல்ல மனிதனை வைத்துப் பொய் சொல்லச் சொன்னது. இன்னொரு நல்ல மனிதனின் மானத்தோடு மோதியது. அதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

சந்தையும் லொத்தரும்

எழுபதுகளில் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் வந்தபோது, யார் உள்ளே போவது என்ற போராட்டமே முன்னின்றது. உள்ளே போனவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்ற கேள்வி பின்னுக்குப் போனது. அக்கேள்வியை மீண்டும் பெரிய அளவில் கையிலெடுத்தது 1981 இல் நிறைவேற்றப்பட்ட மகாபொல நம்பிக்கை நிதியச் சட்டம்.

மகாபொல என்பதற்குப் பெருஞ்சந்தை என்று பொருள். அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி, நாட்டின் பல பாகங்களிலும் மகாபொல என்ற பெயரில் வர்த்தகக் கண்காட்சிகளை நடத்தினார். அவற்றில் சேரும் பணத்தைக் கொண்டு பல்கலைக்கழக மாணவருக்குப் புலமைப்பரிசில் வழங்குவதே திட்டம். பின்னர் லொத்தர் வருமானத்தில் ஒரு பங்கும் இந்நிதியத்துக்கு வந்து சேர்ந்தது. லலித் 1993 ஏப்ரலில் கொல்லப்பட்டார். அவரது அரசியல் பற்றித் தமிழருக்குள்ள கசப்பு அறிந்ததே. தேசிய பாதுகாப்பு அமைச்சராக எண்பதுகளில் அவர் வகித்த பங்கை நாம் மறக்கமாட்டோம். எனினும் யுத்த காலம் முழுவதும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் படித்த ஆயிரக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகள் மகாபொலக் காசில்தான் புத்தகம் வாங்கினார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

லொத்தர்ச் சீட்டு வாங்குபவர்கள் யார் என்று பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால் தெரியும். நாட்கூலிக்காரர், முச்சக்கர வண்டிச் சாரதி, மீன் வியாபாரி. பணக்காரர் சீட்டு வாங்க வரிசையில் நிற்பதில்லை. ஏழையின் பிள்ளைக்கு உதவும் பணம் பெருமளவுக்கு இன்னொரு ஏழையின் நப்பாசையிலிருந்தே சேர்கிறது. வரியாகப் பெற்றிருக்கவேண்டியதை அதிர்ஷ்டமாகப் பெறுகிறோம்.

மகாபொல இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்டது. திறமைக்கு ஒரு பகுதி, வருமானக் குறைவுக்கு ஒரு பகுதி. அது கிடைக்காதோருக்குப் பேசரி. 1870 இன் கேள்வியும் 1968 இல் எனது ஐயாவிடம் கேட்கப்பட்ட கேள்வியும் ஒரே படிவத்தில் சேர்ந்தன.

வருமானக் கேள்வியின் கோளாறு இன்னும் அப்படியே உள்ளது. அரசாங்க எழுதுவினைஞரின் சம்பளம் கடைசிச் சதம் வரை சம்பளப் பட்டியலில் இருக்கும். அவரது பிள்ளை வரம்பைத் தாண்டிவிடுகிறது. வியாபாரியின் வருமானம் அவர் சொல்வதுதான். கமக்காரனின் வருமானம் மழையைப் பொறுத்தது. ஒரு வருடம் வெங்காயம் அள்ளிக் கொடுக்கும், மறுவருடம் விதைக்காசும் திரும்பாது. எந்த வருடத்தை எழுதுவது?

யுத்தம் இதையும் கேலிக்கூத்தாக்கியது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, பின்னர் வன்னிக்குச் சென்றபோது, பிள்ளைகளின் சான்றிதழ்கள்தான் பல தாய்மாரின் மடியில் முதலில் இருந்தன. காணி உறுதியும் நகையும் அதற்குப் பிறகே. அந்தப் பிள்ளைகளின் வருமானத்தை உறுதிப்படுத்த வேண்டிய கிராம சேவகர் யார்? சொந்த ஊரின் அலுவலரும் அகதிதான். தங்கியிருக்கும் ஊரின் அலுவலருக்கு இவர்களைத் தெரியாது. எல்லாவற்றையும் இழந்தவன் தன்னிடம் ஒன்றும் இல்லை என்பதை நிரூபிக்க முடியாமல் நின்ற காட்சியை நான் செய்தியாளனாகப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அங்கும் இதே கதை

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு இது பழைய ஊர்க்கதையாகத் தோன்றாது என்று நம்புகிறேன். அமெரிக்காவில் 1965 ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தில் ஜனாதிபதி ஜோன்சன் கையொப்பமிட்டது, தான் கடன்பட்டும் வேலை செய்தும் படித்த டெக்சஸ் கல்லூரியில் நின்றுகொண்டுதான். ஆனால் அந்த உதவியைப் பெறுவதற்கான ஃபாஃப்சா என்ற கூட்டாட்சி விண்ணப்பப் படிவம் காலப்போக்கில் நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகளாகப் பெருத்தது. கேள்விகளுக்கு அஞ்சியே ஏழைப் பிள்ளைகள் விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள் என்ற வாதம் வலுத்து, 2020 இல் அதைச் சுருக்குவதற்குச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. பிரித்தானியாவிலோ, 1998 இல் ஆயிரம் பவுணாகத் தொடங்கிய பல்கலைக்கழகக் கட்டணம் 2012 இல் ஒன்பதாயிரமாகியது. அதைக் கடனாகக் கொடுத்துப் பின்னர் சம்பளத்திலிருந்து கழிக்கிறார்கள்.

அந்தக் காற்று இங்கும் வீசுகிறது. பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதோர் அரசு சாராத நிறுவனங்களில் பட்டப்படிப்புப் படிப்பதற்கு 2017 முதல் வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. வட்டி இல்லை என்பது நல்லதே. ஆனால் படிக்க வரும் பிள்ளையிடம் இப்போது புதிதாக ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: "எப்படித் திருப்பிக் கட்டுவாய்?" யாருடைய பெயரைச் சுமப்பாய், எத்தனை புள்ளி, எவ்வளவு ஏழை என்று வந்த கேள்விகளின் வரிசையில் இது அடுத்தது.

கிடைக்கும் தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 ஆம் ஆண்டளவில் மகாபொலத் தொகை மாதம் 5,000 ரூபா. அன்றைய நாணய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 37 டொலர். 2022 இன் பொருளாதார வீழ்ச்சியில் பணவீக்கம் எழுபது வீதத்தை நெருங்கியபோதும் அது 5,000 ஆகவே இருந்தது. 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அது 7,500 ஆகவும், பேசரி 4,000 இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டன. வரவேற்கத்தக்கதே. ஆனால் 7,500 ரூபா இன்று ஏறக்குறைய 25 டொலர். தொகை கூடியிருக்கிறது, பெறுமதி குறைந்திருக்கிறது. படிவத்தின் கேள்விகள் மட்டும் குறையவில்லை.

இரண்டு பெட்டிகள்

தேநீர் ஆறிவிட்டது. பிள்ளை எனது முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காணாமற் போனோரின் குடும்பங்களுக்கு இன்மைச் சான்றிதழ் வழங்குவதற்கு 2016 இல் சட்டத் திருத்தம் ஒன்று கொண்டுவரப்பட்டது. ஒருவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே, அவர் இல்லை என்பதை மட்டும் அச்சான்றிதழ் கூறும். அதைப் பெற்றால் இந்த இடத்தைக் கடந்துபோகலாம் என்று எடுத்துச் சொன்னேன்.

மூதாட்டி மெல்லச் சொன்னார்: "தாய்க்காரி அதுக்கும் சம்மதிக்கமாட்டாள் தம்பி. அவர் இல்லை எண்டு நான் எப்பிடி எழுதிக் குடுக்கிறது எண்டு கேக்கிறாள்."

ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் விதானையாரின் கதிரையில் விறைப்பாக அமர்ந்திருந்த எனது ஐயா நினைவுக்கு வந்தார். அவர் ஏழை என்று எழுத மறுத்தார். இந்தப் பெண் விதவை என்று எழுத மறுக்கிறார். இருவரும் அதற்கான விலையைத் தங்கள் பிள்ளைகளின் கணக்கில் செலுத்தினார்கள் என்று அலுவலகத்தில் இருப்பவர் நினைக்கக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அந்த விலையை அவர்களிடம் கேட்காத ஓர் ஒழுங்கை இந்த நாடு 1945 இல் ஒருமுறை செய்து காட்டியது என்பதை மறந்துவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு உண்டு. படிப்புக் கட்டணத்தை எவரிடமும் கேள்வி கேட்காமல் நீக்க முடிந்த நாட்டுக்கு, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் ஒவ்வொரு பிள்ளையின் மூன்று வேளைச் சாப்பாட்டையும் கேள்வி கேட்காமல் கொடுப்பது முடியாத காரியமா? வசதி உள்ளவரிடம் பின்னர் வரியாக அறவிட்டுக்கொள்ளலாம். வறுமையை விசாரிக்கும் வேலையைவிடச் செல்வத்தை விசாரிக்கும் வேலை எளிது, கௌரவமானதும்கூட.

கடைசியில் இரண்டு பெட்டிகளையும் வெறுமையாக விட்டோம். தனித் தாளில் ஒரு கடிதம் எழுதி இணைப்பது என்று தீர்மானித்தோம். சொற்களை நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அவளே எழுதினாள். இரண்டு வரிகள்தான்.

எனது தந்தை எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. தாயார் தையல் வேலை செய்து என்னைப் படிப்பித்தார்.

படிவத்தை உறைக்குள் வைத்துக்கொண்டு இருவரும் பஸ்ஸுக்குப் போனார்கள். மறுமொழி இன்னும் வரவில்லை.